ஓடாத இரண்டு வள்ளங்கள்

மூக்கையூரில் எந்த வள்ளம் நின்றுபோனாலும்
என் கையைப் பிடித்துத்தான் இழுத்துப் போவார்கள்.
எஞ்சின் தலையில் உள்ளங்கையை வைப்பேன்.
இரண்டாவது சிலிண்டர் இருமுகிறதா,
பம்பில் காற்று ஏறிவிட்டதா,
தோல் சொல்லிவிடும்.
காது உள்ளவர்கள் இரைச்சலில் தடுமாறுவார்கள்.
எனக்கு அந்தத் தொல்லை இல்லை.

செபஸ்தியம்மாள் தங்கச்சிமடத்துக்காரி.
அவளுக்கும் பிறவியிலேயே கேட்காது.
ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில், ஜூஸ் கடை வாசலில்,
தோழியோடு கையால் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.
இருபதடி தள்ளி நின்று
முழுச் சண்டையையும் ஒட்டுக்கேட்டேன்.
(ஒட்டுப்பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.)

கல்யாணப் பந்தியில் எல்லா உதட்டிலும் ஒரே கேள்வி:
செவிடும் செவிடும் சேர்ந்தால்?
எங்களுக்கு உதடு படிக்கத் தெரியும்.
சோறு வந்ததும் அதை மறந்துவிடுகிறார்கள்.

வயிற்றில் இருக்கும்போதே மகளுக்குப் பெயர் வைத்தோம்.
நெஞ்சில் வைத்த கை
மெல்ல எழுந்து அலையாய் அடங்கும்.
வாயால் சொல்ல முடியாத பெயர்.

மூன்றாம் மாதம் பெரியாஸ்பத்திரியில்
தூங்கும் தலையில் ஒயர் ஒட்டினார்கள்.
திரையில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு.
நர்ஸ் கட்டைவிரலை உயர்த்தினாள்.
சந்தோஷம்தான். ஆனால்
செபஸ்தியாவின் கை நெஞ்சுவரை போய்
அலையாகாமல் நின்றதை
நான் பார்த்தேன்.

மதுரையிலிருந்து வந்த டாக்டர் தாளில் எழுதிக் காட்டினார்:
ஒவ்வொரு ஜீனும் இரண்டு பிரதி,
தாய் வழி ஒன்று, தகப்பன் வழி ஒன்று.
ஒன்று கெட்டால் மற்றது சமாளிக்கும்.
இரண்டும் கெட்டால்தான் காது அடைக்கும்.

என் அம்மா அப்பாவுக்கு அத்தை மகள்.
நாலு வீடு தள்ளிக் கிசுகிசுத்தாலும்
இருவருக்கும் கேட்கும்.
ஒரே பூட்டனின் உடைந்த ஆணியை
ஆளுக்கொன்றாக மடியில் வைத்திருந்திருக்கிறார்கள்,
தெரியாமலே.
என்னிடம் வந்து அது ஜோடி சேர்ந்தது.

சரி, செபஸ்தியாவுக்கும் எனக்கும் பிறந்தவள் எப்படி?
பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று
டாக்டர் கட்டம் போட்டுக்கொண்டே போனார்.
பேனாவை வாங்கி இரண்டு வள்ளம் வரைந்தேன்.
என்னுடையதில் பம்பு போச்சு, விசிறி நல்லது.
அவளுடையதில் விசிறி போச்சு, பம்பு நல்லது.
கரையில் பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்று,
ஓடாத வள்ளம்.
காதுக்குள்ளும் அப்படித்தானா?
நூறு உறுப்பில் எது நின்றாலும்
வெளியே தெரிவது ஒரே மௌனம்?

டாக்டர் சிரித்தார்.
என் விசிறியும் அவள் பம்புமாய்
மூன்றாவதாக ஒன்றை வரைந்து
கடலில் இறக்கினார்.
அப்புறம் அந்தத் தாளை மடித்துத்
தன் பையில் வைத்துக்கொண்டார்.

கடைசியாகக் கேட்டேன்: எங்கள் பழுது எங்கே போச்சு?
எழுதினார்: எங்கும் போகவில்லை.
இரண்டிலும் ஒவ்வொன்று அவளிடம் இருக்கிறது.
சும்மா இருக்கும்.

சித்தப்பா மகன் அந்தோணிப்பிச்சை
மாமன் மகளையே கட்டினான்.
இருவருக்கும் ஒரே பம்பு போச்சு.
நாலு பிள்ளைகள், நாலும் எங்களைப் போல.
கிறிஸ்துமஸ் ராத்திரி அந்த வீடு முழுக்கக் கைகள்,
விளக்கை அணைக்க விடமாட்டார்கள்.
அங்கே போய்த்தான் நான் வயிறு நிறையப் பேசுவேன்.
பொறாமையா என்றால்,
கொஞ்சம்.

சாமியார் மகளுக்குச் செசிலி என்று பெயர் வைத்தார்.
பாட்டுக்குக் காவலான புனிதையாம்.
தலையில் தண்ணீர் விழுந்ததும் வாயைத் திறந்தாள்.
கோயிலே காதைப் பொத்திக்கொண்டது.
நாங்கள் இருவரும் அவள் உள்நாக்கைப் பார்த்தோம்.

இப்போது ஐந்து வயது.
நேற்று ஷெட்டுக்கு வந்தவள்
ஓடுகிற எஞ்சினைக் காட்டிக் கையால் சொன்னாள்:
அழுகிறது.
கை வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை.
இல்லை, அழுகிறது என்றாள் மறுபடி.
அவள் கையைப் பிடித்து எஞ்சின் மேல் வைத்தேன்.
ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள்.
பிறகு கையை நகர்த்தி நகர்த்தி
கியர்பாக்ஸ் ஓரத்தில் நிறுத்தினாள்.

கழற்றினேன். பேரிங்கில் ஒரு குண்டு பிளந்திருந்தது.
என் கைக்கு அது எட்ட இன்னும் ஒரு வாரம் ஆகியிருக்கும்.

காதால் கண்டுபிடித்தாயா, கையாலா என்று
நான் கேட்கவில்லை.